ஒரு பாறை எந்த வகை? தமிழ்நாட்டுக் கற்களை வைத்து ஓர் எளிய விளக்கம்

தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்ற மூன்று பெயர்களையும் பள்ளியில் படித்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. ஆனால் அந்தப் பிரிவினை எதன் அடிப்படையில் செய்யப்பட்டது என்று கேட்டால் பலர் நிறம், கடினத்தன்மை, எடை என்று ஏதேனும் ஒன்றைச் சொல்வார்கள். உண்மையில் இவை எவையும் வகையைத் தீர்மானிப்பதில்லை. பாறை எந்தப் பொருளால் ஆனது என்பதுகூட முடிவான அளவுகோல் அல்ல. அது எவ்வழியாக உருவாயிற்று என்பது ஒன்றே அளவுகோல்.

கால்சியம் கார்பனேட் என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல், பழைய கடலின் அடியில் சிப்பி ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் குவிந்து இறுகியதால் உண்டானது. ஆகவே அது படிவுப் பாறை. திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லும் அதே பொருளால் ஆனதுதான் என்றாலும், அது பூமியின் ஆழத்தில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டுப் பளபளக்கும் படிகங்களாக மாறிவிட்டிருக்கிறது. ஆகவே அது உருமாறிய பாறை. திருப்பத்தூர் வட்டாரத்திலோ, பூமிக்குள்ளிருந்து உருகி மேலெழுந்த குழம்பிலிருந்தே கார்பனேட் படிகமாகி உறைந்த கார்பனடைட் என்ற அரிய பாறை உள்ளது, அது தீப்பாறை. மூன்றையும் ஆய்வகத்தில் தூளாக்கிச் சோதித்தால் முதன்மையான பொருள் ஒன்றாகவே இருக்கும். வகைகளோ மூன்று.

மேலே செல்வதற்குமுன் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது நல்லது. குறிப்பிட்ட வேதியமைப்பும் ஒழுங்கான அணு அடுக்கும் கொண்ட இயற்கைப் பொருள் கனிமம் எனப்படும். வயல்வெளிகளில் வெங்கச்சங்கல் என்று அழைக்கப்படும் வெண்ணிறக் குவார்ட்ஸ் ஒரு கனிமம். காக்காப்பொன் என்ற மைக்காவும் ஒரு கனிமம். ஒன்றோ பலவோ கனிமங்கள் சேர்ந்து இறுகிய திரளே பாறை. பூமியின் மேலோட்டின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆக்சிஜன், சிலிக்கன் என்ற இரு தனிமங்களே என்பதால், பெரும்பாலான பாறைகள் சிலிக்கேட் கனிமங்களால் ஆனவையாக இருக்கின்றன.

முதலில் தீப்பாறையைப் பார்ப்போம். உருகிய பாறைக்குழம்பு குளிர்ந்து உறைவதால் உண்டாவது தீப்பாறை. இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியிருக்கிறது. நாம் நிற்கும் மேலோட்டுக்குக் கீழே எங்கும் நெருப்புக் குழம்புக் கடல் ஒன்று கொதித்துக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மேலோட்டுக்குக் கீழுள்ள மூடகம் மிகச் சூடானதுதான். ஆனால் மேலே அழுத்தும் பாறைகளின் சுமை அதை உருகவிடாமல் தடுப்பதால், அது பெரும்பாலும் திடநிலையிலேயே இருக்கிறது. சூடான மூடகப் பாறை மெல்ல மேலெழுந்து அதன் மேலுள்ள அழுத்தம் குறையும் இடங்களிலும், கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டின் அடியில் செருகும்போது அதனுடன் சென்ற நீர் கசிந்து உருகுநிலையைக் குறைக்கும் இடங்களிலும், இவ்வாறு உண்டான குழம்பு மேலோட்டின் அடிப்பகுதியைச் சூடாக்கும் இடங்களிலும்தான் பாறை உருகுகிறது. அங்கும் முழுப் பாறையும் உருகுவதில்லை. எளிதில் உருகக்கூடிய பகுதி மட்டும் முதலில் பிரிந்து, எடை குறைவாக இருப்பதால் மேலே ஏறுகிறது.

அந்தக் குழம்பு எங்கே, எவ்வளவு விரைவில் குளிர்கிறது என்பது பாறையின் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கிவிட்டால், சுற்றியுள்ள பாறைகள் வெப்பத்தை வெளியே விடாததால், பல்லாயிரம் ஆண்டுகளும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டு அது மெதுவாகக் குளிர்கிறது. படிகங்கள் வளரப் போதிய காலம் கிடைப்பதால், வெறும் கண்ணுக்கே தெரியும் பருத்த மணிகளாக அவை அமைகின்றன. கிரானைட் இப்படி உருவானது. அதில் கண்ணாடி போன்ற சாம்பல் நிறக் குவார்ட்ஸையும், வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பாரையும், கரிய மைக்காவையும் தனித்தனியே அடையாளம் காணலாம். சங்ககிரி, திருச்செங்கோடு பகுதியில் இத்தகைய கிரானைட் பரவலாக உள்ளது. அதற்கு மாறாக, குழம்பு தரைக்கு மேல் வழிந்து காற்றிலோ நீரிலோ பட்டால் விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது. படிகங்கள் உருப்பெருக்காடி இல்லாமல் தெரியாத அளவுக்குச் சிறுத்துப்போகின்றன. பசால்ட் அத்தகையது. இன்னும் விரைவாகக் குளிர்ந்தால் படிகமே உண்டாகாமல் அப்சிடியன் என்ற இயற்கைக் கண்ணாடி உருவாகிறது.

பசால்ட்டின் அளவை உணர வேண்டுமானால் மகாராஷ்டிரத்தைத்தான் பார்க்க வேண்டும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஒரே கூம்பு எரிமலையிலிருந்து அல்லாமல் நீண்ட பிளவுகள் வழியாகக் குழம்பு மீண்டும் மீண்டும் வழிந்து, இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கும் தக்காணப் பசால்ட் அடுக்குகள் உண்டாயின. மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில் மலைச்சரிவுகள் படிப்படியாக இறங்குவதற்குக் காரணம், ஒவ்வொரு படியும் தனித்தனிக் குழம்பு வழிவுகளின் விளிம்பாக இருப்பதே. எல்லோராவின் கைலாசநாதர் கோயில் மேலிருந்து கீழாகக் குடையப்பட்டது இந்தப் பசால்ட்டில்தான். தமிழ்நாட்டில் இந்த அடுக்குகள் இல்லை. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பழைய பாறைகளின் வெடிப்புகளுக்குள் குழம்பு புகுந்து சுவர் போல உறைந்த டாலரைட் என்ற கரிய தீப்பாறை ஏராளமாக உண்டு. கடைகளில் கறுப்பு கிரானைட் என்ற பெயரில் விற்பனையாகும் கற்களில் பல இதுவே. பாறையியலின்படி அது கிரானைட் அல்ல.

கிரானைட் உருகிய நிலையிலிருந்து வந்தது என்பது ஒருகாலத்தில் ஏற்கப்படாத கருத்தாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஃபிரைபெர்க் நகரில் கற்பித்துவந்த ஆபிரகாம் வெர்னர், கிரானைட் உள்ளிட்ட பழைய பாறைகள் யாவும் ஆதிக் கடலின் நீரிலிருந்து படிந்தவை என்று போதித்தார். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் 1785ஆம் ஆண்டில் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், பழைய படலப் பாறைகளை ஊடறுத்துக்கொண்டு சிவந்த கிரானைட் நரம்புகள் ஓடுவதைக் கண்டார். ஏற்கெனவே இறுகிவிட்ட பாறைக்குள் இன்னொன்று நுழைய வேண்டுமானால், நுழையும்போது அது நீர்மமாக இருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். இன்று கிருஷ்ணகிரிப் பக்கம் சாலைக்காக வெட்டப்பட்ட பாறைச்சுவரில் ஒரு கரிய பட்டை மற்ற பட்டைகளைக் குறுக்கே வெட்டிச் செல்வதைக் காண்பவரும் இதே வாதத்தைப் பயன்படுத்தி, வெட்டும் பாறை வெட்டப்படும் பாறையைவிட இளையது என்று முடிவு செய்துவிடலாம்.

படிவுப் பாறையின் கதை, வேறொரு பாறையின் அழிவில் தொடங்குகிறது. வெயிலாலும் மழையாலும் வேர்களாலும் பாறை விரிசல் விடுகிறது. மழைநீரில் கரைந்துள்ள கரியமிலவாயு அந்நீருக்குச் சிறிது அமிலத்தன்மையைத் தருவதால் ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் மெல்லக் களிமண்ணாக மாறுகின்றன. குவார்ட்ஸ் மட்டும் எளிதில் கரையாமல் மணலாக எஞ்சுகிறது. இவற்றை ஆறு சுமந்து செல்கிறது. விரைந்து ஓடும்போது கூழாங்கற்களையும் உருட்டிச் செல்லும் ஆறு, வேகம் குறையக் குறையப் பருமனானவற்றை முதலில் கைவிடுகிறது; மணல் கரையோரத்திலும், நுண்ணிய சேறு அமைதியான ஆழ்நீரிலும் தங்குகின்றன. அடுக்கின் மேல் அடுக்காகச் சேரச் சேர, மேற்சுமையால் அடியிலுள்ள படிவிலிருந்து நீர் பிழிந்து வெளியேறுகிறது. மணிகளுக்கிடையே ஊறும் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சிலிக்கா, இரும்பு ஆக்சைடு ஆகியவை படிந்து அவற்றை ஒட்டவைக்கின்றன. கூழாங்கற்கள் இறுகினால் உருள்திரளைப் பாறை, மணல் இறுகினால் மணற்பாறை, சேறு இறுகினால் களிப்பாறை.

இவை தவிர, பிற பாறைகளின் துகள்களால் அல்லாமல் வேறு வழியில் உண்டாகும் படிவுப் பாறைகளும் உண்டு. கடல்நீர் வற்றும்போது உப்பும் ஜிப்சமும் படிகின்றன. உயிரினங்களின் ஓடுகளும் பவளங்களும் சுண்ணாம்புப் பாறையாகின்றன. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே மயோசீன் என்ற பழைய புவியியல் காலத்துச் சுண்ணாம்புப் பாறையின் மேல்தான் அமர்ந்திருக்கிறது. அங்கு ஆறுகளே இல்லாமல் கிணறுகளை நம்பி வேளாண்மை நடப்பதற்கும், நிலத்தடியில் குகைகளும் ஆழ்ந்த நீர்க்குழிகளும் இருப்பதற்கும், இந்தப் பாறை மழைநீரில் கரைவதே காரணம். சதுப்பு நிலத் தாவரங்கள் காற்றுப் படாமல் புதைந்து நிலக்கரியாகின்றன; நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அவ்வகையில் இன்னும் முழுமையாக முதிராத ஒரு கட்டம்.

படிவுப் பாறையைக் கற்க விரும்பும் தமிழ்நாட்டு மாணவருக்கு அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களைவிடச் சிறந்த வகுப்பறை இல்லை என்பது என் எண்ணம். கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, கடல் இப்பகுதிக்குள் பல முறை முன்னேறியும் பின்வாங்கியும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது விட்டுச்சென்ற களிப்பாறை, மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை அடுக்குகள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற பெயர்களில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. காரை என்ற ஊருக்கு அருகே, மழைநீர் அரித்துச் செதுக்கிய வெற்றுக் களிமேடுகளில், அம்மனைட் என்ற, அழிந்துபோன கடல் உயிரியின் சுருள் வடிவ ஓடுகளும் நரம்பு நரம்பாக ஓடும் ஜிப்சமும் தரையிலேயே காணக் கிடைக்கின்றன. கடலிலிருந்து இன்று வெகுதொலைவில் உள்ள நிலத்தில் கடல் உயிரிகளின் எச்சம் கிடைப்பது, அந்தப் பாறை உருவான இடத்தை நேரடியாகக் காட்டும் சான்று. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் அளவு நீளமுள்ள ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. கரையிலிருந்து அடித்து வரப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்த அம்மரத்தின் திசுக்களில் சிலிக்கா சிறுகச் சிறுக ஊறி இடம்பிடித்ததால், மரத்தின் உருவம் கல்லில் அப்படியே தங்கிவிட்டது.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் உள்ள கல்மரங்கள் இவற்றைவிட மிகவும் இளையவை. சுமார் 2 கோடி ஆண்டுகள் பழமையானவை என்று கருதப்படுகின்றன. அங்கே வேரோ கிளையோ இல்லாத தண்டுகள் மணற்பாறைக்குள் படுத்த நிலையில் கிடக்கின்றன. அவை அங்கேயே வளர்ந்து சாய்ந்தவை அல்ல, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்று புவியியலாளர்கள் கொள்வதற்கு அதுவே காரணம். படிவுப் பாறையில் எலும்பும் ஓடும் மரமும் மிஞ்சுவதுபோல் மற்ற இரு வகைகளில் மிஞ்சுவதில்லை. உருகிய குழம்பில் எதுவும் தப்பாது, உருமாற்றத்திலும் பெரும்பாலும் அழிந்துவிடும். மேலோட்டின் மொத்தக் கன அளவில் படிவுப் பாறைகள் மிகச் சிறிய பங்கே என்றாலும், உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கை அவை மெல்லிய போர்வையாக மூடியிருக்கின்றன. உயிரின் வரலாற்றை நாம் அறிந்திருப்பதே அந்தப் போர்வையால்தான்.

மணற்பாறை செதுக்குவதற்கு எளிது, ஆனால் காலத்தைத் தாங்குவதில் பின்தங்கியது. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் இதை நேரில் காணலாம். பல்லவர் அதன் அடித்தளத்தில் கருங்கல்லையும் மேற்பகுதியில் மணற்பாறையையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மணற்பாறைச் சிற்பங்கள் பல இடங்களில் அரிக்கப்பட்டு, பிற்காலத்தில் சுதைப் பூச்சு பெற்றிருக்க, அடித்தளக் கல் இன்றும் உறுதியாக நிற்கிறது.

மூன்றாவது வகை உருமாறிய பாறை. ஏற்கெனவே இருக்கும் ஒரு பாறை, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும், திடநிலையை இழக்காமலேயே தன் கனிமங்களையும் அமைப்பையும் மாற்றிக்கொள்வதே உருமாற்றம். இதில் திடநிலையை இழக்காமல் என்ற சொற்றொடரே முக்கியம். உருகிவிட்டால் அது தீப்பாறையின் கணக்கில் சேர்ந்துவிடும். பச்சைச் செங்கல் சூளையில் வேகும்போது உருகி ஓடாமலேயே வேறு பொருளாகிவிடுவதை இதற்கு ஒப்பிடலாம். பூமிக்குள் இறங்க இறங்க ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடுகிறது. கண்டங்கள் மோதி மலைகள் எழும்போது, மேற்பரப்பிலிருந்த பாறைகள் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுக்கப்படுகின்றன. அங்கே அணுக்கள் இடம்பெயர்ந்து, பழைய கனிமங்கள் கலைந்து, அந்தச் சூழலுக்கு ஏற்ற புதிய கனிமங்கள் வளர்கின்றன. களிப்பாறை முதலில் தகடு தகடாகப் பிரியும் பலகைக்கல்லாகவும், மேலும் வெந்தால் மைக்கா மின்னும் சிஸ்ட் பாறையாகவும், அதற்கும் மேல் நைஸ் பாறையாகவும் படிப்படியாக மாறுகிறது. மணற்பாறை குவார்ட்சைட்டாகவும் சுண்ணாம்புப் பாறை சலவைக்கல்லாகவும் மாறுகின்றன.

நைஸ் பாறையை அடையாளம் காண்பது கடினமன்று. அழுத்தம் ஒரு திசையில் மிகுந்திருந்ததால் கரிய கனிமங்களும் வெளிறிய கனிமங்களும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து, சில இடங்களில் மடிந்தும் நெளிந்தும் காணப்படும். தமிழ்நாட்டின் உட்பகுதியில் நாம் கருங்கல் என்று பொதுவாகச் சொல்லும் கல்லில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்த உருமாறிய பாறையே. தரை பதிக்கும் கற்களில் புகழ்பெற்ற காஷ்மீர் வெள்ளை கிரானைட் என்பது காஷ்மீரிலிருந்து வருவதுமில்லை, கிரானைட்டும் இல்லை. மதுரை மேலூர்ப் பக்கத்தில் வெட்டப்படும், சிவப்புப் புள்ளிகளாகக் கார்னெட் கனிமம் பொதிந்த உருமாறிய பாறை அது. வணிகப் பெயரை வைத்துப் பாறையைப் படிக்க முயல்பவர் இவ்வாறு பல இடங்களில் வழிதவற நேரிடும்.

இனி, வகைப்படுத்துதல் எவ்வளவு சிக்கலானது என்பதைக் காட்டும் ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் ஆங்கிலேயரின் குடியேற்றத்தைத் தொடங்கியவராகக் கருதப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறை, அந்நகரின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ளது. அதன் மேல் வைக்கப்பட்டிருக்கும் கல், சென்னைக்கு அருகிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து, பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் கிடைக்கும் அந்தப் பாறைக்கு 1893ஆம் ஆண்டில் சார்னோகைட் என்று பெயரிட்டார். 1900ஆம் ஆண்டில் அதைப் பற்றி விரிவாக எழுதியபோது, அது குழம்பிலிருந்து உறைந்த தீப்பாறை என்றே அவர் கருதினார். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் இருந்ததால் அது கிரானைட்டைப் போலவே தோன்றியது. வேறுபாடு, ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் அதில் இருந்ததும், முழுக் கல்லும் எண்ணெய் பூசியதுபோல் கரும்பச்சையாக மின்னியதும்தான்.

பின்னர் வந்த ஆய்வாளர்கள் இந்த முடிவை ஏற்கத் தயங்கினார்கள். கர்நாடகத்தின் கப்பல்துர்கா என்ற இடத்தில், வெளிறிய நைஸ் பாறைக்குள்ளேயே திட்டுத்திட்டாகச் சார்னோகைட் தோன்றியிருப்பதும், நைஸின் பட்டைகள் அந்தத் திட்டுகளுக்குள் நுழைந்து மங்கி மறைவதும் தெரியவந்தது. மேலோட்டின் ஆழத்தில், நீர் குறைந்த, கரியமிலவாயு மிகுந்த பாய்மங்கள் பாறையினூடே ஊடுருவியபோது, நீரைத் தம் அமைப்புக்குள் வைத்திருந்த கனிமங்கள் அதை இழந்து ஹைப்பர்ஸ்தீனாக மாறின என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். அப்படியானால் அது உருமாறிய பாறை. ஆனால் வேறு சில இடங்களில், நீரற்ற குழம்பிலிருந்து நேரடியாக உறைந்த சார்னோகைட்டும் உண்டு. ஒரே பெயரைக் கொண்ட பாறை இரு வழிகளிலும் உருவாகக்கூடும் என்பதே இன்றைய புரிதல். நீலகிரி, சேர்வராயன் மலைகளின் பெரும்பகுதி சார்னோகைட்டால் ஆனது. நீலகிரியிலும் சென்னையைச் சுற்றியும் உள்ளவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. ஒருகாலத்தில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்துகொண்டிருந்த பாறை இன்று மலையுச்சியாக நிற்கிறது என்றால், இடையிலிருந்த அத்தனை பாறையும் அரித்து நீக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

நீக்கப்பட்டது எங்கே போயிற்று? அதன் ஒரு பகுதி ஆறுகளால் சுமக்கப்பட்டு, கிழக்குக் கரையோரத்துப் படிவுகளாகச் சேர்ந்தது. கன்னியாகுமரிக் கடற்கரையில் மணல் சில இடங்களில் செந்நிறமாக இருப்பதற்குக் காரணம், உள்நாட்டு உருமாறிய பாறைகளிலிருந்து உதிர்ந்துவந்த கார்னெட் மணிகளே. அம்மணல் புதைந்து இறுகினால் படிவுப் பாறையாகும், மேலும் ஆழத்தில் அமுங்கினால் மறுபடி உருமாறும், உருகினால் தீப்பாறையாகும். இதையே பாறைச் சுழற்சி என்கிறார்கள். பாடப்புத்தகப் படங்களில் அது அழகிய வட்டமாக வரையப்பட்டிருந்தாலும், எல்லாப் பாறைகளும் அந்த வட்டத்தை வரிசையாகச் சுற்றுவதில்லை. தீப்பாறை படிவாகாமலேயே நேரடியாக உருமாறலாம். படிவுப் பாறை ஆழத்துக்கே போகாமல் மீண்டும் மணலாகச் சிதறலாம். ஊட்டத்தூர்ப் பகுதியில் கிரெட்டேசியஸ் கடற்படிவுகள் மிகப் பழைய நைஸ், சார்னோகைட் பாறைகளின் மேல் சில இடங்களில் நேரடியாகவே அமர்ந்திருக்கின்றன. தொட்டுக்கொண்டிருக்கும் அந்த இரு பாறைகளுக்கும் இடையிலான வயது வேறுபாடு பல கோடி ஆண்டுகள். அக்காலம் முழுவதும் அங்கே பாறை உருவாகாமல் தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது, அல்லது உருவானதும் மிஞ்சவில்லை.

கையில் ஒரு கல் கிடைத்தால் தொடக்கநிலையில் சில சோதனைகள் போதும். அடுக்குகளும், விரலால் தேய்த்தால் உதிரும் மணிகளும், ஓடுகளின் அச்சும் இருந்தால் படிவுப் பாறையாகலாம். எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ தூளாக்கிய சிறு பகுதியின் மேல் விட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு. கனிமங்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னி, எந்தத் திசையிலும் ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் தீப்பாறையாகலாம். அவையே ஒரு திசையில் வரிசைப்பட்டோ பட்டை பிரிந்தோ இருந்தால் உருமாறிய பாறையாகலாம். சலவைக்கல், குவார்ட்சைட், சார்னோகைட் போன்றவற்றில் பட்டை தெரியாமலும் போகலாம் என்பதால், கல்லைத் தனியே பார்ப்பதைவிட அது கிடந்த இடத்தையும் அருகிலுள்ள பாறைகளையும் சேர்த்துப் பார்ப்பதே நம்பகமானது.

ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது இந்த வகைப்பாடு நேரடியாகப் பணத்தோடு தொடர்புகொள்கிறது. தமிழ்நாட்டின் ஏறத்தாழ முக்கால் பரப்பு தீப்பாறைகளாலும் உருமாறிய பாறைகளாலும் ஆன கடினப் பாறை நிலம். இவற்றின் மணிகளுக்கிடையே வெற்றிடம் கிடையாது. நீர் வெடிப்புகளிலும் மேற்புறத்துச் சிதைந்த அடுக்கிலும் மட்டுமே தங்குகிறது. அதனால்தான் சேலத்திலோ கோயம்புத்தூரிலோ ஒரு தோட்டத்தில் நீர் பொங்கும்போது, சில அடிகள் தள்ளி இறக்கிய துளை வறண்டுபோகிறது. கடலூர், நெய்வேலிப் பகுதியின் மணற்பாறையிலோ மணிகளின் இடுக்குகள் எங்கும் நீர் நிறைந்திருக்கிறது. நெய்வேலியில் நிலக்கரிப் படலத்துக்கு அடியிலுள்ள மணல் அடுக்கில் நீர் கடும் அழுத்தத்தில் இருப்பதால், சுரங்கம் வெள்ளத்தில் மூழ்காமலிருக்க அதை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.